மருவுக்கு எது: அம்மான் பச்சரிசிப் பாலா, சுண்ணாம்பா, டேப்பா, சாலிசிலிக்கா?

கடுகு அளவில்தான் தொடங்கியது. என் மகளின் வலது கட்டைவிரல், நகத்தின் ஓரம். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதத்தில் மிளகு அளவுக்கு வந்துவிட்டது, மேலே காலிஃப்ளவர் மாதிரி சொரசொரப்போடு. அடுத்து முழங்காலில் ஒன்று. பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். மாமியார் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா, "அம்மான் பச்சரிசிப் பால் வை, ஒரே வாரம்" என்றார். என் தம்பி சுண்ணாம்பு என்றான். அலுவலகத் தோழி டேப் ஒட்டச் சொன்னாள். மருந்துக் கடைக்காரர் ஒரு குப்பியை எடுத்து நீட்டினார்.

எல்லாரும் "எனக்குப் போச்சு" என்று அடித்துச் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

அது மருதானா?

கழுத்திலும் அக்குளிலும் சின்னதாகக் காம்போடு தொங்குமே, அதையும் நாம் மரு என்றுதான் சொல்கிறோம். அது வெறும் தோல் தொங்கல். வைரஸ் கிடையாது, ஒட்டாது. குதிரை வால் முடியைக் கட்டினால் விழும் என்பார்களே, அது இந்த வகைக்குத்தான் பொருந்தும். காம்பை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று காய்ந்து விழுகிறது. முடி குதிரையுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் கட்டிய இடம் சீழ் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. கைவிரலில் தட்டையாக உட்கார்ந்திருக்கும் மருவில் எந்த முடியையும் கட்ட முடியாது.

குழந்தைகளுக்கு முத்து முத்தாகப் பளபளவென்று, நடுவில் சின்னக் குழியோடு வருவது பாலுண்ணி. நம் ஊரில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், ஆனால் அது வேறு வைரஸ், பெரியம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. உள்ளங்காலில் வந்தால் இன்னொரு குழப்பம்: கால் ஆணியா, மருவா? நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. மேல்தோலைக் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தால் மருவில் கரும்புள்ளிகள் தெரியும். அதை 'வேர்' என்று சொல்லி ஊசியால் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேரும் இல்லை, ஒன்றும் இல்லை. ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். தோண்டினால் ரத்தம் வரும், பக்கத்தில் இன்னொன்று முளைக்கும்.

உண்மையான மருவுக்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கைகால் மருவை உண்டாக்கும் வகைகள் வேறு, கருப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள வகைகள் வேறு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

சும்மா இருப்பதும் ஒரு போட்டியாளர்தான்

மாமியாரின் வேண்டுதலிலிருந்தே தொடங்குகிறேன். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதும், சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைப்பதும் தோல் உபாதைகளுக்காக நெடுங்காலமாக நடந்துவருகிற நேர்த்திக்கடன். "வெல்லம் கரையிற மாதிரி கரைஞ்சிடும் பாரு" என்றார் மாமியார். வைத்தியக் கண்ணோடு பார்த்தால் இதற்குப் பெயர் காத்திருப்பது. காத்திருப்பது லேசுப்பட்டதல்ல: நெதர்லாந்துப் பள்ளிக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வருஷத்தில் மரு தானாகப் போயிருந்தது. இரண்டு வருஷம் பொறுத்தால் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்குப் போய்விடும் என்பது பழைய கணக்கு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு நாள் அந்த வைரஸை அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு இது மெதுவாக நடக்கும்.

ஆக, எந்த வைத்தியமாக இருந்தாலும் அது முதலில் ஜெயிக்க வேண்டியது வேண்டுதலை. அப்புறம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: மரு போகாவிட்டால், கையில் மிச்சம் என்ன இருக்கும்? வேண்டுதல் பலிக்காவிட்டால் கையில் மரு இருக்கும், வேறெந்தச் சேதமும் இல்லை. மற்றதையெல்லாம் இந்த இரண்டு அளவுகோலிலும் வைத்துத்தான் பார்த்தேன்.

அம்மான் பச்சரிசிப் பால்

எங்கள் தெருவில் சாக்கடை ஓரம், மதில் இடுக்கு, எங்கே பார்த்தாலும் இந்தச் செடி. சிவப்பேறிய தண்டு, மெல்லிய ரோமம், இலைக் கணுவில் கொத்துக் கொத்தாகப் பொடிப் பூ. அக்கா ஒரு கொடியைக் கிள்ளினார். கிள்ளிய முனையில் ஒரே ஒரு சொட்டுப் பால் திரண்டு நின்றது, அதை அப்படியே மருவில் ஒற்றினார். அரை நிமிடத்தில் காய்ந்து, பிசின் மாதிரி மெல்லிய ஏடு. காலையும் மாலையும், புதுச் செடி, புதுச் சொட்டு. மூன்றாம் நாள் மருவைச் சுற்றி லேசான சிவப்பு. ஐந்தாம் நாள் "அரிக்குதும்மா" என்றாள். நிறுத்திவிட்டேன். மரு கொஞ்சம் கறுத்தது, போகவில்லை.

இதில் சரக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தச் செடியின் இனத்தில் பெரும்பாலானவற்றின் பால் தோலை எரிச்சலூட்டி அரிக்கக்கூடியது. இதே இனத்து வேறொரு களைச்செடியின் பாலிலிருந்து பிரித்த பொருளை, வெயிலால் தோலில் வரும் சொரசொரப்புப் புள்ளிகளுக்குக் களிம்பாக்கி, 2012ல் அமெரிக்காவில் ஒப்புதலும் கொடுத்தார்கள். தோல் புற்றுநோய் பற்றிய சந்தேகம் எழுந்ததால் 2020ல் ஐரோப்பாவில் அந்தக் களிம்பு விலக்கப்பட்டது. அதாவது, பாலுக்கு வேகம் உண்டு. வேகம் இருக்கிற இடத்தில் அளவும் வேண்டும். செடியில் கிள்ளும் சொட்டுக்கு அளவு ஏது?

அத்திப்பாலுக்கு ஈரானில் ஒரு சின்ன ஆய்வு நடந்திருக்கிறது. 25 பேர், உடம்பின் ஒரு பக்க மருவுக்கு அத்திப்பால், மறுபக்கத்துக்குக் கடுங்குளிரால் மருவை உறையவைக்கும் சிகிச்சை. பாலில் 11 பேருக்கும், உறைய வைத்ததில் 14 பேருக்கும் முழுசாகப் போனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சீமை அத்தி. நம் ஆற்றங்கரை நாட்டு அத்தி அல்ல.

எருக்கம்பால் பக்கமே போக வேண்டாம். கையில் வைத்ததை மறந்து குழந்தை கண்ணைத் தேய்த்துவிட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். அம்மான் பச்சரிசிக்கும் கண் விஷயத்தில் இதே எச்சரிக்கைதான். விரல் மருவும் கண் தேய்க்கும் பழக்கமும் உள்ள பிள்ளைக்கு எந்தப் பாலும் சரிப்படாது என்பது என் முடிவு.

சுண்ணாம்பும் அதன் உறவினர்களும்

தம்பி சொன்ன வைத்தியம்: வெற்றிலைச் சுண்ணாம்போடு சலவை சோடாவைக் குழைத்து மருவின் தலையில் வைப்பது. "ரெண்டே நாள், கறுத்து விழுந்துடும்க்கா." விழும்தான். சுண்ணாம்பும் சலவை சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது, பள்ளிக்கூட வேதியியல். நீங்கள் மருவில் வைப்பது மருந்தல்ல, தோலைக் கரைக்கும் காரம். அமிலம் பட்டால் தோல் வெந்து ஓரளவுக்கு அங்கேயே நின்றுவிடும். காரம் அப்படி நிற்காது, உள்ளே உள்ளே இறங்கும். என் தம்பியின் புறங்கையில் அவன் பன்னிரண்டு வயதில் வைத்த சுண்ணாம்பின் வடு இன்றும் எட்டணா அளவில் இருக்கிறது. மரு அதில் கால்வாசி கூட இருந்ததில்லை. அவனோ அதைக் காட்டித்தான் "பார், எனக்குப் போச்சு" என்கிறான்!

ஊதுபத்தியால் சுடுவது, பண்ருட்டிப் பக்கம் எளிதாகக் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் வைப்பது, சேங்கொட்டை, பேட்டரி அமிலம், எல்லாம் இதே கட்சி. முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டுதலைவிட வேகமாக ஜெயிப்பது இந்தக் கட்சி மட்டும்தான், தோற்றால் வாழ்நாள் வடுவும் இங்கேதான். என் பட்டியலில் கடைசி இடம்.

பூண்டு, ஆப்பிள் வினிகர் இரண்டும் சாந்தமானவை என்று நினைப்பது தப்பு. பச்சைப் பூண்டை நசுக்கி வைத்து இரவு முழுக்கக் கட்டினால் கொப்புளம் வரலாம். வினிகரைப் பஞ்சில் நனைத்துக் கட்டுவதும் அப்படித்தான். வாழைப்பழத் தோல், உருளைக்கிழங்கு: கெடுதல் இல்லை, பெரிய பலனுக்கும் சாட்சி இல்லை.

டேப்

இது வெளிநாட்டு வீட்டு வைத்தியம். சாம்பல் நிறத்தில் கெட்டியாக, குழாய்க்கும் பைப்புக்கும் ஒட்டுவோமே, அந்த டேப். மருவின் மேல் ஆறு நாள் விடாமல் ஒட்டி வைத்து, பிறகு எடுத்து ஊறவைத்துத் தேய்த்து, ஒரு இரவு சும்மா விட்டு, மறுநாள் மறுபடி ஒட்ட வேண்டும். இரண்டு மாதம் வரை. 2002ல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் டேப் ஒட்டியவர்களில் 85 சதவீதம் பேருக்குப் போனது, உறைய வைத்தவர்களில் 60 சதவீதம். உலகமே டேப் வாங்கியது. 2006ல் நெதர்லாந்தில் 103 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள்: டேப்பில் 16 சதவீதம், மருவைச் சுற்றிச் சும்மா ஒரு வளையம் ஒட்டியவர்களில் 6. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது கணக்கு. அடுத்த வருஷம் பெரியவர்களிடம் செய்ததில் டேப்புக்கும் வெறும் ஒட்டுத்துணிக்கும் வித்தியாசமே இல்லை.

எங்கள் வீட்டில் ஆறு நாள் என்பது ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை. நம் ஊர் வியர்வைக்கும், சாப்பிடும் கையைத் தினம் நாலு முறை கழுவுவதற்கும் டேப் நிற்காது. கால் மரு என்றால் முயன்று பார்க்கலாம். தோற்றாலும் மிச்சம் கொஞ்சம் பிசுபிசுப்பு மட்டும்தானே.

சாலிசிலிக்

மருந்துக் கடைக்காரர் நீட்டிய குப்பியில் இருந்தது சாலிசிலிக் அமிலம் 16.7, லாக்டிக் அமிலம் 16.7 சதவீதம், கலோடியன் என்ற பசையில். "அக்கா, சுத்தி வாசலின் தடவிட்டு நடுவுல மட்டும் வைங்க. விளக்குப் பக்கத்துல வேண்டாம், பத்திக்கும்" என்றார். அந்த ஒரு நிமிடம் அவர் சொன்னதுதான் மருந்தில் பாதி.

இரவு ஒன்பது மணிக்கு எங்கள் சடங்கு. ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் விரல் ஊறும். தோல் வெள்ளையாகி மெத்தென்று ஆனதும் அட்டை அரத்தால் நாலு தேய்ப்பு. வலித்தால் நிறுத்திவிட வேண்டும், ரத்தம் வரவே கூடாது. அந்த அரம் மருவுக்கு மட்டும், நகத்துக்கு இல்லை. துடைத்து, வாசலின் வளையம், நடுவில் ஒரு சொட்டு. நகப்பூச்சு வாசனையோடு காய்ந்து வெள்ளைப் படலமாகும். மறுநாள் அந்தப் படலத்தை உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இது வாரக் கணக்கு அல்ல, மாதக் கணக்கு. மூன்று மாதம் என்று மனதில் போட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலோர் பத்தாம் நாள் விட்டுவிட்டு "அது வேலை செய்யல" என்கிறார்கள்.

பலன் எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுத் தொகுப்பில், மருந்தில்லாத வெறும் பூச்சைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அற்புதம் இல்லை. 2010ல் வந்த டச்சு ஆய்வு இன்னும் வெளிப்படையானது. 250 பேர், 13 வாரம். சாதாரண மருவில், திரவ நைட்ரஜனால் உறைய வைத்தவர்களில் 49 சதவீதம் பேருக்கும், சாலிசிலிக் போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்கும், சும்மா விட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கும் போனது. உள்ளங்கால் மருவில் 30, 33, 23. அதாவது காலில் எல்லாரும் கிட்டத்தட்ட சமம். கையில் மருத்துவமனைக்காரர் முன்னால் நிற்கிறார். ஆனால் மைனஸ் 196 டிகிரியை நக ஓரத்தில் வைப்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சுலபமான காரியமில்லை, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பெரிசாகப் பரவியிருந்தால் தோல் மருத்துவர்கள் மருவுக்குள்ளேயே எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்தைச் செலுத்தி எதிர்ப்புச் சக்தியை உசுப்புகிறார்கள். அது வீட்டில் நடக்கிற காரியம் இல்லை.

தோற்றால் மிச்சம்? கொஞ்சம் எரிச்சல், உரிந்த தோல். நிறுத்தினால் ஆறிவிடும். அதனால்தான் வீட்டில் செய்கிறவற்றில் என் ஓட்டு இதற்கு.

ஆனால் இது யாருக்கு ஆகாது என்பதும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் காலில் எதையும் வைக்கக் கூடாது, சாலிசிலிக்கும் சேர்த்துத்தான். உணர்ச்சி மரத்த காலில் புண் வந்தால் தெரியவே தெரியாது. முகத்திலும் பிறப்புறுப்பிலும் வந்ததற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது, நேராக மருத்துவர்தான். நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக முளைத்து, நிறம் மாறி, ரத்தம் கசிகிற எதையும் மரு என்று நாமே பெயர் வைத்துவிடக் கூடாது. முகத்தில் தட்டை மரு உள்ளவர்கள் சவரம் செய்யும்போது கத்தி போகிற வழியெல்லாம் வரிசையாக முளைக்கும். என் மகள் மாதிரி நகம் கடிக்கிறவர்களுக்கும் அதே கதைதான், கத்திக்குப் பதில் பல்.

பதினோராவது வாரம் ஊறவைத்துத் தேய்க்கும்போது கரும்புள்ளிகளைக் காணோம். மருவின் ஓரத்தில் வந்து நின்றுபோயிருந்த விரல் ரேகை, இப்போது இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை ஒரே கோடாக ஓடியது. ரேகை திரும்பி வந்தால்தான் மரு போனதாக அர்த்தம். அன்றைக்குத்தான் முழங்காலைக் கவனித்தேன். அதற்கு எந்த மருந்தும் போடவில்லை, தொட்டதே இல்லை. அதுவும் இல்லை. மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலையும் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விரலுக்கு நீ மருந்து போட்டே, சரி. இதுக்கு யாரு போட்டா?"