போல்ட் கழலவில்லை என்று நக்கிளையே மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

முன்சக்கர பிரேக் வேலைக்கு வண்டி விடுபவர்கள் கவனத்துக்கு. சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நண்பர் ஒருவரின் ஹேட்ச்பேக்குக்கு நடந்தது இது. பேடும் டிஸ்க்கும் மாற்றிக் கொடுத்தது அந்தக் கடைதான். அடுத்த முறை டிஸ்க்கை அவரே வீட்டில் மாற்ற முயன்றபோது, கேலிப்பரைத் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) தாங்கும் பிராக்கெட்டை, சக்கர ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட் அசையவே இல்லை. கடைசியில் போல்ட் தலையும் முனை மழுங்கி உருண்டுவிட்டது. அதே கடைக்கு வண்டி போனது. "நக்கிள்ல மரை பிடிச்சிருச்சு சார். நக்கிள், ஹப், பேரிங் எல்லாம் மாத்தணும், அப்புறம் அலைன்மென்ட்" என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த வண்டியில் நக்கிளின் அந்த ஓட்டைகளில் மரையே கிடையாது. பல முன்சக்கர இயக்கக் கார்களில் இந்த போல்ட் உட்பக்கமிருந்து நக்கிள் காதில் உள்ள வெறும் துளை வழியாக நுழைந்து, வெளிப்பக்கம் இருக்கும் பிராக்கெட்டில்தான் மரையேறுகிறது. மரை கெட்டால் கெடுவது பிராக்கெட். அது தனியாகக் கிடைக்கும் பாகம். ஹப்பையும் பேரிங்கையும் தொடவே வேண்டியதில்லை. சில வண்டிகளில் அமைப்பு மாறும் என்பதால், உங்கள் வண்டியின் பாகப் படத்தையோ, கழன்றுவிட்ட இன்னொரு போல்ட்டின் துளையையோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் நக்கிள் விலை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

போல்ட் ஏன் இப்படி இறுகியது? வெளியே எடுத்தபோது மரை முழுக்கச் சிவப்பு த்ரெட்லாக்கர் (மரை தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை) காய்ந்து கிடந்தது. சிவப்பு வகை நிரந்தரப் பிடிப்புக்கானது. சுமார் 250 டிகிரி சூடு காட்டினால்தான் இளகும். அதன்மேல் இம்பேக்ட் கன் (அடித்து முறுக்கும் மெஷின்) வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இந்த போல்ட்டுக்குச் சிறிய கார்களில் சுமார் 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) போதும். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அரை இஞ்ச் கன் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கும்.

வீட்டில் கழற்றுபவர்கள் பலர் தோற்பது முதல் அடியிலேயே, அதாவது திசையில். போல்ட் தலை உட்பக்கம் பார்த்திருக்கிறது. சக்கரப் பக்கம் நின்று கையை வளைத்துப் போட்டு, வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புகிறோம் என்று நினைத்தால், தலைப் பக்கமிருந்து அது வலப்பக்கம். கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே இருப்போம். தலையை நேராகப் பார்க்கிற மாதிரி நின்றால்தான் இந்தக் குழப்பம் தீரும். கேலிப்பர் சக்கரத்தின் பின்பக்கம் உள்ள வண்டியில், இடது சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதும் ஒடியுங்கள். போல்ட் தலைகள் பின்னோக்கித் திரும்பி, ஃபெண்டர் வழியாகவே நீளமான பார் நுழைய இடம் கிடைக்கும். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கில் மட்டும் அல்ல. நீளப் பாரை இழுக்கும்போது வண்டி ஆடும்.

கம்பி பிரஷ்ஷால் தலையைச் சுத்தம் செய்து, துருநீக்கி ஸ்ப்ரேயைத் தலையின் அடியிலும் போல்ட்டின் மறுமுனையிலும் அடித்து ஒரு இரவு விடுங்கள், நடுவில் இரண்டு முறை திரும்ப அடியுங்கள். டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் துணி போட்டு மூடுங்கள். தலை பெரும்பாலும் 17 மி.மீ.; ஆறு முனை சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையின் மூலைகளை மட்டும் பிடிப்பதால் வழுக்கும். தலை உருள்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி முழுதாக உட்கார வைத்து, போல்ட் தலையிலும் நாலு அடி நன்றாக அடித்து, 60 செ.மீ. பாரால் நிதானமாக இழுங்கள். எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும் சேர்த்தால் சாக்கெட் சாய்ந்து வழுக்கலாம். முடிந்தவரை நேர்ப் பிடி.

இதற்கும் அசையாவிட்டால் த்ரெட்லாக்கரைச் சந்தேகப்படுங்கள். ஹாட் ஏர் கன்னால் போல்ட் தலையையும் அது மரையேறும் பிராக்கெட் பகுதியையும் சில நிமிடம் சூடேற்றி, சூடு ஆறுமுன் இழுங்கள். ஏபிஎஸ் சென்சர் வயர், பிரேக் ஹோஸ், ஸ்லைடு பின் ரப்பர் மூன்றையும் விலக்கியோ மறைத்தோ வைக்க வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடோ நெருப்போ கூடவே கூடாது; குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், மற்றவை தீப்பிடிக்கும்.

தலை உருண்டுவிட்டால் 16 மி.மீ. ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியால் அடித்து ஏற்றிப் பாருங்கள். அதுவும் வழுக்கினால் தலையையே எடுத்துவிடலாம். நண்பர் வண்டியில் வேறொரு மெக்கானிக் இதைத்தான் செய்தார். தலையின் நடுவில் பன்ச் வைத்து, 5 மி.மீ. ட்ரில்லில் ஆரம்பித்து, தண்டின் அளவான 12 மி.மீ. வரை ஏற்றியதும் தலை கழன்று விழுந்தது. இறுக்கம் போனதும் பிராக்கெட்டைத் தட்டி உருவி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டை வைஸில் பிடித்துச் சூடு காட்டித் திருப்பினார். மரை கெடவில்லை, பழைய பிராக்கெட்டே திரும்பப் பூட்டப்பட்டது. செலவு இரண்டு போல்ட்டும் கூலியும். ஈஸி அவுட்டை (போல்ட்டில் துளையிட்டுச் செருகித் திருப்பி எடுக்கும் கருவி) இங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண ட்ரில் அதன்மேல் ஏறாது.

திரும்பப் பூட்ட, கம்பெனி போல்ட் மட்டுமே வாங்குங்கள். ஹார்டுவேர் கடை போல்ட்டில் நீளம் சில மி.மீ. கூடினாலும் முனை டிஸ்க்கில் உரசலாம். மரை இடைவெளி 1.25-க்கு 1.5 போட்டால் பிராக்கெட் மரை அழியும். தலையில் 10.9 என்ற வலிமை எண் மட்டும் இருந்து தயாரிப்பாளர் குறி இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். மேனுவல் த்ரெட்லாக்கர் கேட்டால் நீல வகையில் ஒரு துளி, டார்க் ரெஞ்ச்சில் இறுக்கம். பூட்டியபின் டிஸ்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். வண்டியை நகர்த்துமுன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டியாவதைப் பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கினால், எந்தப் பாகத்தின் மரை கெட்டது என்று எழுத்தில் கேளுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். தேவையில்லாத பாகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. பில்லோடு பழைய போல்ட்டையும் எடுத்துப் போங்கள்.