டெர்மினஸ் ஃபான்ட்: 4கே திரையில் டெக்ஸ்ட் கன்சோலைப் படிக்க முடிகிறதா?

4கே மானிட்டரில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி லினக்ஸின் டெக்ஸ்ட் கன்சோலுக்கு, அதாவது ஜன்னல்கள் இல்லாமல் எழுத்து மட்டும் ஓடும் திரைக்குப் போனால், பல கணினிகளில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். திரையில் கோளாறு ஒன்றும் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் நெடுநாளாக இருக்கும் ஃபான்ட் 8 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம், அதை 3840க்கு 2160 திரையில் பரப்பினால் வரிக்கு 480 எழுத்து, மொத்தம் 135 வரி என்று வந்து நிற்கிறது. யாரால் படிக்க முடியும்?

இதற்கு நான் வைத்துக்கொண்டது டெர்மினஸ். இலவசம், திறந்த உரிமம், 6க்கு 12 தொடங்கி 16க்கு 32 வரை ஒன்பது அளவுகள். சின்னதை இழுத்துப் பெரிதாக்கிய ஃபான்ட் இல்லை, ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகப் பிக்சல் பிக்சலாக வரைந்திருக்கிறார்கள், அதனால் பெரிய அளவிலும் விளிம்பு பிசிறடிப்பதில்லை. பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் குழம்பாது. 16க்கு 32 போட்டால் 4கேயில் வரிக்கு 240 எழுத்து, 67 வரி கிடைக்கும், அதாவது ஃபுல் எச்டி திரையில் பழைய ஃபான்ட் தரும் அதே கணக்கு. ஃபுல் எச்டி லேப்டாப்பாக இருந்தால் 12க்கு 24 போதும், 160 எழுத்து, 45 வரி.

லினக்ஸின் டிஸ்ட்ரோக்களில் (வெளியீட்டு வகைகளில்) டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். கன்சோல் செட்டப் பேக்கேஜிலேயே டெர்மினஸ் இருக்கிறது, அதை டிபிகேஜி ரீகான்ஃபிகர் என்ற கட்டளை வழியாக மறுபடி அமைக்கச் சொன்னால் ஃபான்ட் எது, அளவு எது என்று வரிசையாகக் கேட்கும். ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவில் தனியாக நிறுவி, கன்சோல் அமைப்புகள் இருக்கும் விகன்சோல் கோப்பில் பெயரை எழுத வேண்டும். அதற்கு முன்னால் செட்ஃபான்ட் கட்டளையில் போட்டுப் பார்த்துவிடுங்கள், பிடிக்கவில்லையென்றால் பெயர் எதுவும் கொடுக்காமல் அதே கட்டளையை ஓட்டினால் பழையது திரும்பிவிடும். ஆனால் இதையெல்லாம் நிஜக் கன்சோலில் செய்ய வேண்டும், டெஸ்க்டாப்பில் திறக்கும் டெர்மினல் ஜன்னலில் செய்தால் பிழைதான் வரும்.

சரி, எரிச்சல் எங்கே என்றால், பூட் ஆகும்போது. பெரிய எழுத்து ஒரு நொடி வந்து, திரை மின்னி, மறுபடி பொடி எழுத்தாகிவிடும். பலர் ஃபான்ட்டைத் திட்டுவது இங்கேதான், பாவம், அதன் மேல் தப்பே இல்லை. ஃபான்ட்டை ஏற்றி முடித்த பிறகு ஏஎம்டி அல்லது இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் தாமதமாக வந்து கன்சோலைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது, அத்தோடு நாம் வைத்த ஃபான்ட் போய்விடுகிறது. அந்த டிரைவரை, பூட் தொடக்கத்திலேயே ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்து முதலிலேயே ஏற்றினால் தீர்ந்தது. 5.0 கெர்னலிலிருந்து 16க்கு 32 டெர்மினஸைக் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கவும் வழி உண்டு, உங்கள் டிஸ்ட்ரோ அப்படிக் கம்பைல் செய்திருந்தால் பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில்) பெயரைச் சொன்னாலே போதும். அதே பூட் வரியில் நோமோட்செட் என்ற சொல்லைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுத்து பெரிதாகலாம், ஆனால் டெஸ்க்டாப்புக்கு வேண்டிய கிராஃபிக்ஸ் டிரைவரே படுத்துவிடும்.

டெர்மினஸால் தீராதவையும் இருக்கின்றன. பைனரி கோப்பைத் தெரியாமல் திரையில் கொட்டி எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறினால் அது ஃபான்ட் பிரச்சினை இல்லை, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரீசெட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். திரை பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தால் கெர்னலின் எஃப்பிகான் ரொட்டேட் அமைப்பைப் பாருங்கள். தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டங்களாகத்தான் தெரியும், ஏனென்றால் இந்தக் கன்சோல் ஃபான்ட்களில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம், கொம்பையும் காலையும் சேர்த்து எழுதவும் கன்சோலுக்குத் தெரியாது. தமிழில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க்கில் உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது மேல்.

அப்புறம் எழுத்து பெரிதானால் வரி குறையும். ஷிஃப்டும் பேஜ் அப்பும் அழுத்தி மேலே போய்ப் பார்க்கும் வசதியை 2020இல் வந்த 5.9 கெர்னலில் எடுத்துவிட்டார்கள், அதனால் நீளமாக வரும் வெளியீட்டுக்கு, மேலே கீழே நகர்த்திப் பார்க்க உதவும் லெஸ் அல்லது டிமக்ஸ் நிரல் இல்லாமல் முடியாது. அந்தக் குறையைச் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்துக்கு நாலரை தருவேன்.