தும்பைப் பூவுக்கு வெள்ளை வேண்டாம்

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கணவர் இறந்து இது இரண்டாம் வருஷம். ஜெபத்தில் உட்கார்ந்தால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும், மனசு வேறெங்கோ கிடக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து தொடங்குமுன் மகள் இந்த வாட்டர் கலர் பெட்டியை அனுப்பினாள். 12 நிறக் கட்டிகள், தண்ணீர் நிரப்புகிற பிரஷ் ஒன்று, உள்ளங்கை அகல நோட்டு. 1,150 ரூபாய். நாற்பது நாளும் தினம் ஒரு பக்கம் வரைவதாகப் பொருத்தனை செய்தேன். முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நோட்டு அருமை. 300 ஜிஎஸ்எம் தடித்த தாள், தண்ணீர் நிறைய விட்டாலும் சுருளவில்லை. தப்பான இடத்தைத் துணியால் ஒற்றியெடுக்க முடிகிறது.

வெள்ளைக் கட்டி மட்டும் வீண். ஐந்தாம் நாள் காம்பவுண்டுச் சுவரோரம் நின்ற தும்பையை வரைந்தேன். வெள்ளையைக் குழைத்துப் போட்டால் சுண்ணாம்பு அப்பியதுபோல் இருந்தது. மகள் போனில், "வெள்ளையத் தொடாதீங்கம்மா, பூவை வெறும் தாளா விட்டுட்டு நிழலை மட்டும் போடுங்க" என்றாள். நிழலைப் போட வேண்டுமென்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டுமே. குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கீழிதழ் நாக்குபோல் நீண்டிருக்கிறது. மேலே சின்னக் குல்லாய், அதன்மேல் பஞ்சு மாதிரி மயிர். மடிப்புக்குள் லேசான நீலச் சாம்பல். அல்ட்ராமரீன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைத் துளி சேர்த்தால் அந்தச் சாம்பல் அப்படியே வருகிறது. அறுபது வருஷமாக மிதித்துப் போன செடி! "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்ற வசனத்தைக் கவலைப்படாதே என்கிற ஆறுதலாகவே கேட்டு வந்திருக்கிறேன். பார்க்கச் சொன்ன ஆண்டவர் வார்த்தைக்கு அன்றுதான் கீழ்ப்படிந்தேன். முக்கால் மணி நேரம், வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்தபோது ஜெபித்து முடித்த நிறைவு இருந்தது.

1776இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி ராட்லர் ஐயர் தமிழ் அகராதி தொகுத்தவர். அவர் உலர்த்திச் சேர்த்த செடிகள் இன்றும் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. ஊழியத்துக்கு வந்தவருக்குச் செடி எதற்கு என்று முன்பு நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை.

சரி, குறைகள். பிரஷைப் பையில் படுக்கவைத்தால் கசிகிறது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். பச்சை இரண்டும் பிளாஸ்டிக் செடி நிறம். மஞ்சள் காவி கலந்தால்தான் நம்மூர் வேப்பிலை வருகிறது. மூடியில் கலக்குகிற குழிகள் போதாது, நான் பீங்கான் சாசர் வைத்துக்கொள்கிறேன்.

பெரிய வெள்ளியன்று ஆராதனை முடிந்து வந்து, என் கணவருடைய மூக்குக்கண்ணாடியை மேசையில் வைத்து வரைந்தேன். பிரேமின் ஓரத்தில் அவர் விரல் பட்டுப் பட்டு வெளுத்த இடம் ஒன்று. அந்த வெளுப்பு வரும்வரை காவியை மூன்று தடவை ஒற்றியெடுத்தேன். தாள் அதற்கும் தாங்கியது.

நீலம் பாதி தீர்ந்துவிட்டது. ட்யூப் வாங்கி அதே குழியில் பிழிந்து காயவைத்தால் போதும், புதுப் பெட்டி தேவையில்லை. அப்புறம், நோட்டு மட்டும் இன்னும் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று எதிர்வீட்டு அக்காவுக்கு. முட்டுவலியால் அவர் வெளியே வருவதில்லை. ஆனால் ஜன்னலை ஒட்டியே முருங்கை பூத்து நிற்கிறது.