'கூக்கு' என்றதும் ஏற்றிக்கொள்ள: ஒரு ரிங் ஸ்லிங்கின் நான்கு மாதப் பயன்பாடு

ஒன்றரை வயது மகளைத் தூக்கி வைத்துக்கொள்வதற்காகக் கைத்தறிப் பருத்தியாலான ரிங் ஸ்லிங் (ஒரு தோளில் அணிந்து, இரு வளையங்களால் இறுக்கிக்கொள்ளும் குழந்தை சுமக்கும் துணி) ஒன்றை வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. 'தூக்கு' என்பதை அவள் 'கூக்கு' என்கிறாள். பின்னால் வரும் ககரம் முதலெழுத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வது இந்த வயதின் இயல்பு. 'தூக்கவா?' என்று நாங்கள் ஓயாமல் கேட்டதன் விளைவாக, இப்போது அவளே இரு கைகளையும் உயர்த்தி 'கூக்கவா' என்கிறாள்; எங்கள் கேள்வி அவளுடைய வேண்டுகோளாகிவிட்டது. திருநெல்வேலிக்காரரான என் மாமியார் 'ஒக்கல்ல (இடுப்பில்) இருக்கியா?' என்று கேட்பதால், அவரிடம் மட்டும் 'ஒக்க' என்று சொல்கிறாள்.

இப்படிக் கேட்கும் குழந்தை ஏறியவுடன் அமைதியாக இருப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் இறங்கி, பத்தாவது நிமிடத்தில் மறுபடியும் வந்து நிற்கும். முன்பு வைத்திருந்த, இடுப்புப் பட்டையும் கொக்கிகளும் கொண்ட கேரியரை மாட்டி முடிப்பதற்குள் அவள் அழத் தொடங்கிவிடுவாள். ரிங் ஸ்லிங்கை முன்கூட்டியே தோளில் அணிந்திருக்கலாம். குழந்தையை இடுப்பில் உட்காரவைத்து, வளையங்களின் வழியே தொங்கும் முந்தானையை இழுத்தால் துணி இறுகிவிடுகிறது. இறக்கும்போது ஒரு கையால் அவளைத் தாங்கியபடி மேல் வளையத்தை உயர்த்தினால் போதும். துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை பரவியிருக்க வேண்டும். முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பதே இடுப்பு மூட்டுக்கு உகந்த நிலை. இதைச் சரிசெய்யப் பழகுவதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

குறைகளும் உண்டு. உடன் வந்த விளக்கத்தாளில் பிறந்த குழந்தையின் படங்கள் மட்டுமே இருந்தன. நடக்கும் குழந்தையை இடுப்பில் வைக்கும் முறை ஓரிடத்திலும் இல்லை. மூன்று முறை துவைக்கும்வரை துணி விறைப்பாகவே இருந்தது. எடை முழுவதும் ஒரே தோளில் விழுவதால், அரை மணி நேரத்துக்கு மேல் சுமந்தால் வலி எடுக்கிறது. நான் தோளை மாற்றி மாற்றி அணிகிறேன். அடுப்படியில் நிற்கும்போது இதை அணிவதே இல்லை.

கோயில் வரிசை, நீண்ட நடை போன்றவற்றுக்கு இரு தோள்களிலும் எடையைப் பகிரும் கேரியரே ஏற்றது. வீட்டுக்குள்ளும் தெருமுனைக் கடை வரையிலும் நாள் முழுவதும் 'கூக்கு' கேட்கும் குழந்தைக்கு இந்த ஸ்லிங்கையே பரிந்துரைப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் தையலையும் வளையங்களையும் பார்த்துவிட்டு அணியுங்கள்.