குடும்ப ஓய்வூதியம் வாங்கித் தருகிறேன் என்று 38,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். பட்டாளத்துக் குடும்பங்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று மதியம்தான் முழுசாகத் தெரிந்தது. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் சித்தப்பா ராணுவத்தில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். போன டிசம்பர் கடைசியில் இரவு டியூட்டி முடித்து பைக்கில் வரும்போது, பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார். வயது 51. பென்ஷன், பேங்க் எல்லாம் அவரே பார்த்துக்கொண்டதால் சித்திக்கு எதுவும் தெரியாது. காரியம் முடிந்ததும் நான்தான் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பணத்தைப் பிடுங்கிய அந்த ஆளிடம் சித்தியைக் கூட்டிப்போனதும் நான்தான். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் ஒரு பென்ஷன் கன்சல்டன்சி. வாசலில் தேசியக் கொடி, துப்பாக்கியோடு நிற்கிற ஜவான் படம். எங்கள் வேலூர்ப் பக்கம் இப்படிப் படம் போட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அந்த அளவுக்கு வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற மாவட்டம் இது. உள்ளே இருந்தவர் தானும் முன்னாள் படைவீரர் என்றார். டிஸ்சார்ஜ் புக்கை (பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெறும்போது கொடுக்கிற பணிப் புத்தகம்) வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த நம்பரையும் ரேங்கையும் சத்தமாகப் படித்தார். சித்தப்பா போட்டோவை மேஜையில் நிறுத்தி வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி எழுந்து, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். சித்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதது. "அவர் நிக்கிற மாதிரியே இருக்குடா" என்றது. அப்புறம் நான் எதையும் கேட்கவில்லை. ரசீதுகூடக் கேட்கவில்லை.

முதல் நாள் ஃபைல் போட 5,000. இரண்டு வாரம் கழித்து, "அலகாபாத் பென்ஷன் ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கார், கூடுதல் பென்ஷனுக்கு ஸ்பெஷல் சிபாரிசு பண்ணணும்" என்று 18,500. மார்ச்சில் ரெக்கார்டு ஆபீஸ் செலவு என்று 15,000. மொத்தம் 38,500 ரூபாய். சித்தப்பாவின் பென்ஷன் அதுவரை கணக்கில் விழுந்துகொண்டே இருந்தது. "அது உங்க பணம்தாம்மா, தைரியமா எடுங்க" என்று அந்த ஆளே சொன்னதால், அதிலிருந்து எடுத்துத்தான் சித்தி அவருக்கே கொடுத்தது.

ஏப்ரலில் இருந்து பதில் மாற ஆரம்பித்தது. முதலில் "ஸ்பர்ஷ் சர்வர் டவுன்" (ஸ்பர்ஷ் என்பது ராணுவ பென்ஷனுக்கான அரசு இணையதளம்). பிறகு "மார்ச் கணக்கு முடிச்சு இப்பதான் ஃபைல் நகருது". அப்புறம் போனை ஒரு பெண் எடுத்து "சார் டெல்லி போயிருக்கார்" என்றாள். அன்று சாயங்காலமே அவரை டீக்கடையில் பார்த்தேன். "தம்பி, அவசரப்பட்டா ஃபைல் ரிஜெக்ட் ஆயிடும், உங்க இஷ்டம்" என்றார். பயந்துபோய்த் திரும்பி வந்தேன். கடைசியில் ஒரு விண்ணப்ப எண் போட்ட பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அந்தப் பேப்பரோடு இன்று முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெரியவர் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி, "இது வேற யாரோ வாங்கின ரசீதும்மா, பேரை மட்டும் மாத்தி ஒட்டியிருக்கு" என்றார். சித்தப்பா இறந்த தகவலையே ஸ்பர்ஷில் யாரும் பதியவில்லை. ஐந்து மாதமாகப் பென்ஷன் விழுந்ததற்குக் காரணம் அதுதான். இனி அந்தத் தொகையைச் சித்திக்கு வரவேண்டிய நிலுவையில் கழித்துக்கொள்வார்களாம்.

ஸ்பெஷல் சிபாரிசு என்று 18,500 வாங்கினாரே, அது சித்திக்குத் தானாகவே வரவேண்டிய உரிமை. ஓய்வு பெற்றவர் 67 வயதுக்குள் இறந்தால் 7 வருடம், அல்லது அவருக்கு 67 ஆகியிருக்க வேண்டிய நாள் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்குப் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். யார் சிபாரிசும் தேவையில்லை. அந்தப் பெரியவர் எங்களிடம் ஒரு பைசா வாங்காமல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார்.

நேராக அந்த மாடிக்குப் போனேன். டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலைக் கேட்டால், பாக்கி 12,000 கொடு, தருகிறேன் என்கிறார். 38,500 போதவில்லையாம்! காவல் நிலையத்தில் "பணத்தை நீங்களாத்தானே கொடுத்தீங்க" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் உட்கார வைத்துத்தான் புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. லாரி மேல் நஷ்டஈட்டு வழக்கையும் தானே போட்டுவிட்டதாக அந்த ஆள் சொல்லியிருந்தார். வெற்றுத்தாளில் சித்தியிடம் மூன்று கையெழுத்து வேறு வாங்கியிருக்கிறார். கோர்ட்டில் விசாரித்தால் அப்படி எந்த மனுவும் இல்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். எங்களுக்கு இன்னும் 11 நாள்தான் இருக்கிறது.

என்னவெல்லாம் செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும். இறந்த தகவலை முதல் வேலையாக ஸ்பர்ஷிலும் பேங்கிலும் சொல்லிவிடுங்கள், அப்புறம் விழுகிற பென்ஷனைத் தொடாதீர்கள். பென்ஷன் கணக்கோடு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பேங்கில் கேளுங்கள், அதற்கும் கெடு உண்டு. பைக் பாலிசியில் வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டையும் நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து போடவே போடாதீர்கள்.

காலையில் முதல் பஸ்ஸுக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறோம். டிஸ்சார்ஜ் புக் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறது.