1932 ஃபோர்டு ரோட்ஸ்டர்: ஒரு ஹாட் ராடின் மதிப்பீடு

பொழுதுபோக்குக்காகப் பழைய கார் ஒன்றை வாங்க நினைப்பவர் 1960களின் மஸ்டாங்கையோ கமேரோவையோ தேர்ந்தெடுத்தால், தொழிற்சாலையின் கையேடு அவருக்குத் துணையிருக்கும். எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த பிரேக் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் அச்சில் கிடைக்கும். ஹாட் ராடுக்கு அந்தத் துணை இல்லை. யாரோ ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில், ஒரு காரின் எஞ்சினையும் இன்னொரு காரின் ஆக்ஸிலையும் மூன்றாவது காரின் ஸ்டீயரிங் பெட்டியையும் சேர்த்துக் கட்டிய வண்டி அது. எனவே இதை மதிப்பிடும்போது, கட்டியவர் எவ்வளவு பொறுப்போடு கட்டினார் என்பதைத்தான் முதலில் எடைபோட வேண்டியிருக்கிறது. தென் கலிஃபோர்னியாவில் சில ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் வண்டி, 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டர் என்ற திறந்த காரின் வடிவில் அமைந்தது. ஃபைபர் எனப்படும் கண்ணாடியிழை உடல், புதிதாகச் செய்த சேசிஸ் (அடிச்சட்டம்), செவர்லேயின் 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, ஃபோர்டின் 9 அங்குலப் பின் ஆக்ஸில், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக்குகள். மட்காடுகள் கிடையாது. ஏறத்தாழ இதே கலவையில் அமெரிக்கா முழுவதும் வண்டிகள் விற்பனைக்கு வருவதால், இதைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

1932 மாதிரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. எளியவர்களும் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினை ஃபோர்டு கொடுத்தது அந்த ஆண்டில்தான். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன் என்பவை இன்று அற்பமாகத் தோன்றினாலும், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே 500 டாலருக்கும் குறைவான விலையில் அது கிடைத்தது பெரிய செய்தி. இரண்டாவது பதில் அழகைச் சார்ந்தது. அந்த ஓராண்டு மாதிரியில் சேசிஸின் பக்கச் சட்டம் வெளியே தெரியும்படியே அமைக்கப்பட்டு, அதில் ஒரு மெல்லிய வளைகோடும் அழுத்தப்பட்டிருந்தது. மட்காடுகளைக் கழற்றிவிட்டாலும் வண்டி அரைகுறையாகத் தெரியாமல் இருப்பதற்கு அந்தச் சட்டமே காரணம். 1930களின் இறுதியில் இவை பழைய கார்களாக மலிந்துவிட்டபோது, கலிஃபோர்னிய இளைஞர்கள் தேவையற்ற பாகங்களை எல்லாம் கழற்றிவிட்டு, முராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் வேகம் பார்த்தார்கள். அந்தப் போட்டிகளை ஒழுங்குபடுத்த 1937இல் அமைந்த தென் கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் இன்றும் எல் மிராஜ் படுகையிலும் பான்வில் உப்புவெளியிலும் ஓட்டங்களை நடத்துகிறது. 1955இல் செவர்லேயின் சிறிய வி8 வந்தது. எடை குறைந்த, திறன் மிகுந்த, உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கும் அந்த எஞ்சின் ஃபோர்டின் உடலுக்குள் குடியேறிவிட்டது. ஃபோர்டு காருக்குள் செவர்லே எஞ்சினா என்று முகம் சுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆதங்கம் புரிகிறது, ஆனால் பிளாட்ஹெட் எனப்படும் ஃபோர்டின் பழைய வி8 எஞ்சின் கோடைக்கால நெரிசலில் படுத்தும் பாட்டைப் பார்த்தவர்கள் செவர்லேயைக் குறை சொல்ல மாட்டார்கள். பிளாட்ஹெட்டில் எரிந்த புகை சிலிண்டர் பிளாக்கின் உள்ளேயே சுற்றி வெளியேறுவதால், அந்தச் சூடு முழுவதையும் ரேடியேட்டர் சுமக்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினால், வயதானவர் ஒருவர் அருகில் வந்து கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். தகடா, ஃபைபரா என்பதை அந்த ஒலியே அவருக்குச் சொல்லிவிடும். ஃபைபர் என்று தெரிந்ததும் சிலருடைய ஆர்வம் ஒரு படி இறங்கும். விலையிலும் அதே படி உண்டு. 1932இன் அசல் தகட்டு உடல்கள் அரிதாகிவிட்டன. அவற்றில் துரு அரித்த கீழ்ப்பகுதிகளும், உள்ளே இற்றுப்போன மரச்சட்டங்களும் சர்வ சாதாரணம். ஒஹையோ மாநிலத்தின் புரூக்வில் நகரில் ரோட்ஸ்டர் உடல்களைப் புதிய தகட்டிலேயே அடித்து விற்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அந்த உடலோடு கட்டிய வண்டிகள் நடுத்தர விலையில் நிற்கின்றன. ஃபைபர் வண்டிகள் எல்லாவற்றிலும் மலிவு. நல்ல நிலையில் உள்ள ஃபைபர் ரோட்ஸ்டருக்கு 30,000 முதல் 50,000 டாலர் வரை கேட்பதை அடிக்கடி காண்கிறேன். அதே வண்டியைப் பாகம் பாகமாக வாங்கி, வண்ணப்பூச்சுக்கும் உள்ளலங்காரத்துக்கும் கூலி கொடுத்துக் கட்டினால் அந்தத் தொகையை எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே ஓட்டி மகிழ்வதற்காக வாங்குபவருக்கு, பிறர் கட்டி முடித்த ஃபைபர் வண்டியே லாபம் என்பது என் கருத்து. துருப்பிடிக்காது என்பது கூடுதல் ஆதாயம். ஆனால் ஃபைபரில் பார்க்க வேண்டியது வேறு: கதவின் மூலைகளிலும் கீல் பொருத்திய இடங்களிலும் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், உள்ளே இரும்புச் சட்டம் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை என்று பொருள்; அத்தகைய வண்டியில் கதவு ஒரு நாள் சரியாக மூடும், மறுநாள் மூடாது.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் உரிமைப் பத்திரத்தைப் பார்ப்பது நல்லது. ஃபைபர் உடலும் புதிய சேசிஸும் கொண்ட ஒரு வண்டி சட்டப்படி 1932 ஃபோர்டு ஆகாது. கலிஃபோர்னியாவில் அது தனியாகக் கட்டப்பட்ட வாகனம் என்ற வகையில் பதிவாக வேண்டும். எங்கோ கிடைத்த பழைய பத்திரத்தின் எண்ணைப் புதிய சேசிஸில் பொறித்து, அசல் 1932 என்று பதிவு செய்த வண்டிகள் சந்தையில் நிறைய இருந்தன. அப்படி ஒன்றை வாங்கினால், பதிவை மாற்றப் போகும் நாளில் தலைவலி வாங்கியவருக்கே வந்து சேரும். அசல் வி8 சேசிஸில் 18 என்று தொடங்கும் எண், இடப்புறச் சட்டத்தின் மேற்பகுதியில் இரு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே பொறிக்கப்பட்டிருக்கும். கலிஃபோர்னியாவில் ஒவ்வோராண்டும் 500 வண்டிகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: தனியாகக் கட்டப்பட்ட வாகனம் எந்த ஆண்டின் மாதிரியை ஒத்திருக்கிறதோ, அந்த ஆண்டின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளே அதற்குப் பொருந்தும். அந்தச் சலுகைக்கான சான்று ஏற்கெனவே பெற்ற வண்டிக்கு ஓரிரு ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை.

பத்திரம் சரியாக இருந்தால், அடுத்து வண்டிக்குக் கீழே படுக்க வேண்டும். வண்ணப்பூச்சில் முகம் பார்க்கலாம் என்று விற்பவர் சொல்லிக்கொண்டிருக்கட்டும். கட்டியவரின் குணம் தெரிவது அடியில்தான். வெல்டிங் கோடு சீராக ஓடுகிறதா, பிரேக் குழாய்கள் சட்டத்தோடு சிறு சிறு இடைவெளியில் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா, ஸ்டீயரிங் இணைப்புகளில் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்கள் போட்டு மடக்கப்பட்டிருக்கின்றனவா என்பவற்றைப் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். மற்றொரு சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். முன் சக்கரங்கள் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைக்க, இன்னொருவர் முன்னால் குனிந்து ஆக்ஸிலைக் கவனிக்க வேண்டும். இவ்வண்டிகளின் முன் ஸ்பிரிங் குறுக்குவாட்டில் கிடக்கும் ஒற்றைப் பட்டைக் கட்டு; அதன் இரு முனைகளும் ஊசலாடும் இணைப்புகளில் தொங்குகின்றன. 1970களின் செவர்லே வேகா காரிலிருந்து எடுக்கப்பட்ட ஸ்டீயரிங் பெட்டியோ அதன் நகலோ இருந்தால், தள்ளுகோல் பக்கவாட்டில் தள்ளும்; அப்போது சக்கரம் திரும்புவதற்கு முன்பாக ஆக்ஸில் மொத்தமும் இடம் வலமாக நகர்ந்துவிடக்கூடும். அதைத் தடுக்கப் பான்ஹார்டு கம்பி என்ற ஒரு குறுக்குக் கம்பி வேண்டும். தோற்றத்தைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றிவைத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவை நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் சொல்வதைக் கேட்பதில்லை.

பிரேக் விஷயத்தில் இன்னும் நுணுக்கமான ஒரு சிக்கல் உண்டு. மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இவ்வண்டிகளில் காலடித் தளத்துக்குக் கீழே சேசிஸில் பொருத்தப்படுகிறது. சக்கரங்களில் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் காலிப்பர்களைவிட அது தாழ்வாக இருப்பதால், மிதியிலிருந்து காலை எடுத்ததும் பிரேக் எண்ணெய் மெல்லப் பின்னோக்கி வடிந்துவிடும். முதல் மிதியில் கால் ஆழமாக இறங்குவதும், இரண்டாவது மிதியில் இறுக்கமாக நிற்பதும் இதன் அடையாளம். இதற்காகக் குழாயில் சிறிய வால்வுகளைப் பொருத்துவார்கள்: டிஸ்க் பக்கத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தத்தை நிறுத்தி வைப்பது, டிரம் பக்கத்துக்கு 10 பவுண்டு. என் வண்டியைக் கட்டியவர் இரு பக்கமும் 10 பவுண்டு வால்வையே போட்டுவிட்டிருந்தார். முன் பிரேக் பட்டைகள் டிஸ்க்கை விட்டு முழுமையாக விலகாமல் உரசிக்கொண்டே வந்ததால், சற்று தூரம் ஓடியதும் முன் சக்கரத்தின் அருகே கருகல் நெடி வீசும். பிரேக் சரியில்லை என்று பட்டைகளை மாற்றியிருக்கிறார்கள், டிஸ்க்கை மாற்றியிருக்கிறார்கள். பழைய ரசீதுகளில் அந்தச் செலவெல்லாம் இருந்தது. சாதாரண உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஒரு சிறு வால்வு அத்தனைக்கும் முடிவு கட்டியது.

வெப்பம் அடுத்த கவலை. 1932இன் ஒடுங்கிய முகப்புக்குப் பின்னால் பெரிய ரேடியேட்டருக்கு இடமில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை குறையில்லை. நெரிசலில் நின்றால் வெப்பமானியின் ஊசி 220 டிகிரி ஃபாரன்ஹீட்டை நோக்கி நகரத் தொடங்கும். விசிறியைச் சுற்றிச் சரியான உறை இருந்தால், இழுக்கும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே வரும். உறை இல்லாத விசிறி வெறும் ஓசைதான். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கும் இதே துன்பம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், எஞ்சினை அணைத்த பிறகு ஏறும் சூட்டில் கார்புரேட்டரின் கிண்ணத்திலேயே கொதித்துவிடுவதால், சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பாது. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடுப்புப் பலகை ஒன்றை வைத்தால் பெருமளவு சரியாகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் தின்றுவிடும் என்பதால், வாங்கியதும் அவற்றை மாற்றிவிடுவது உத்தமம்.

ஒயரிங் பற்றி ஒன்றே சொல்லலாம். ஃபைபர் உடலில் மின்சாரம் பாயாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் கம்பி சேசிஸ்வரை தனியாக வர வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது பின் விளக்கு மங்கினால் அந்தக் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1939 ஃபோர்டின் கண்ணீர்த்துளி வடிவப் பின் விளக்குகளே இவற்றில் பெரும்பாலும் இருக்கும். அழகானவை, ஆனால் சிறியவை. கைபேசியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருபவரின் கண்ணில் பட வேண்டுமானால், உள்ளே எல்.இ.டி. பலகைகளைப் பொருத்துவது அவசியம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓட்டும்போது கிடைப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடைக்கு முன்னூறு குதிரைத்திறன் என்றால், மிதியை அழுத்துவதற்கும் முதுகு இருக்கையில் பதிவதற்கும் இடையே நேரமே இல்லை. ஆனால் இந்த வண்டியின் இன்பம் வேகத்தில் இல்லாமல் வேகத்தின் உணர்வில் இருக்கிறது: பக்கக் கண்ணாடி இல்லாத ரோட்ஸ்டரில், தரைக்கு அருகே உட்கார்ந்து, 45 மைல் வேகத்தில் ஆரஞ்சுத் தோப்புகளின் ஓரமாகப் போகும்போது புதிய கார் 90 மைலில் தராத கிளர்ச்சி கிடைக்கிறது. முன் சக்கரம் மேலும் கீழும் அசைவது கண்ணுக்கு நேரே தெரிகிறது. முன் ஆக்ஸில் காவடித் தண்டுபோல ஒரே துண்டாக இருப்பதால், இடப்புறச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலப்புறமும் அதை அறிவிக்கும். மட்காடு இல்லாததால் டயர் எறியும் பொடிக்கற்கள் முழங்கையில் வந்து தெறிக்கும். மழையில் அதே டயர் சாலைத் தண்ணீரை முகத்துக்கே அனுப்பும். வலது கால் சைலன்சர் குழாயின் சூட்டில் வேகும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு இவையெல்லாம் சுவை. மூன்று மணி நேரப் பயணத்துக்குத் தண்டனை.

காப்பீடு எதிர்பார்த்ததைவிட மலிவு. பழைய கார்களுக்கென்றே உள்ள நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையில் காப்பீடு தருகின்றன. விபத்து நேர்ந்தால் தேய்மானக் கணக்குப் பார்க்காமல், பத்திரத்தில் எழுதிய தொகையே வரும். கதவுள்ள கொட்டகையில் நிறுத்த வேண்டும், தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது, அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறு கார் இருக்க வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். பமோனாவில் குளிர்காலத்தில் நடக்கும் கிராண்டு நேஷனல் ரோட்ஸ்டர் கண்காட்சிக்கு ஒரு முறையாவது போய்விட்டு வந்து வாங்குவது நல்லது. 1950இல் ஓக்லாந்தில் தொடங்கிய அந்தக் கண்காட்சியில், மிகச் சிறந்த கைவேலை எப்படியிருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், விளம்பரங்களில் வரும் படங்கள் நம்மை அவ்வளவு எளிதில் மயக்க முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடை செய்வதால், இந்தப் பாணியில் ஒன்றைக் கட்டிச் சாலையில் ஓட்டுவது அங்கே நடைமுறைக்கு ஒவ்வாது.

என் வண்டியில் எனக்கு மிஞ்சியிருக்கும் குறை கியர்பெட்டிதான். டர்போ 350 மூன்று கியர்களோடு நின்றுவிடுகிறது; 3.70 பின் ஆக்ஸில் விகிதமும் 28 அங்குல டயரும் சேர்ந்து, 65 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள் சுழல்கிறது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது; பெட்ரோலும் கரைகிறது. 1982 முதல் வந்த 700ஆர்4 பெட்டியின் நான்காவது கியர் 0.70 விகிதம் கொண்டது. அது இருந்தால் சுற்றுகள் 2,000 அளவுக்குக் குறையும். அதைப் பொருத்தச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும், புரொப்பெல்லர் தண்டையும் அளவுக்கு வெட்ட வேண்டும். ஆகவே இரண்டு வண்டிகள் ஒரே விலைக்கு வந்து, ஒன்றில் மினுக்கும் வண்ணமும் மற்றதில் நான்கு கியர்ப் பெட்டியும் இருந்தால், இரண்டாவதை வாங்குங்கள். வண்ணத்தை எப்போது வேண்டுமானாலும் பூசிக்கொள்ளலாம்.