டான்யூப்பா லுவாரா? ஜோடியா சைக்கிள் மிதிக்கப் போறவங்களுக்கு

ஐரோப்பால ஆத்தோரமா ஒரு வாரம் சைக்கிள்லயே சுத்தலாம்னு தேட ஆரம்பிச்சா ரெண்டு ஆத்தோட பேரு திரும்பத் திரும்ப வந்து நிக்கும். ஒன்னு ஜெர்மனி எல்லையில இருக்கற பாஸாவ்ல ஆரம்பிச்சு வியன்னா வரைக்கும் டான்யூப், இன்னொன்னு பிரான்ஸ்ல லுவார். ரைனையும் சொல்லுவாங்க, பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவுல வரிசையா கோட்டை வரும், அழகுதான், ஆனா ரெண்டு கரையிலயும் ரயில் தண்டவாளம், ராத்திரி சரக்கு ரயில் தடதடன்னு போகும், தூக்கம் போச்சுன்னா மறுநாள் மிதிக்க முடியாது. அதனால ரைன் இங்க வேணாம்.

நானும் வீட்டுக்காரரும் மத்த ரெண்டையும் மிதிச்சாச்சு. அவரு குனிஞ்ச தலை நிமிராம மிதிக்கிற ஆளு, நான் ஒவ்வொரு வளைவுலயும் எறங்கி வேடிக்கை பாக்குற ஆளு, இந்த வித்தியாசம் உங்க வீட்டுலயும் இருந்தா தொடர்ந்து படிங்க.

வேடிக்கை என்னன்னா ரெண்டும் ஒரே பாதையோட துண்டுங்க. யூரோவெலோ 6னு ஒரு நீள சைக்கிள் ரூட், அட்லாண்டிக் கடல்ல ஆரம்பிச்சு கருங்கடல் வரைக்கும் போகுது, அதோட மேற்கு நுனியில லுவார், நடுவுல டான்யூப். பாதைதான் ஒன்னு, அனுபவம் சுத்தமா வேற, அதுக்கு முதல் காரணம் காத்து.

அந்தப் பக்கமெல்லாம் பெரும்பாலும் மேற்குல இருந்துதான் காத்து அடிக்கும். டான்யூப் கிழக்க ஓடுது, அதனால ஆத்தோட போனா காத்து முதுகுல கை வச்சு தள்ளுது. பாஸாவ்-வியன்னா சுமார் 320 கிலோமீட்டர், அத்தனை தூரத்துக்கும் இறக்கம் 130, 140 மீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது, ஆனா காத்தும் சேந்துக்கிட்டதால நமக்கென்னமோ பெரிய தெம்பு வந்துட்ட மாதிரி ஒரு நெனப்பு. லுவார்ல கதையே வேற. ஒர்லியான் தாண்டுனதும் ஆறு மேற்க திரும்பி அட்லாண்டிக்க பாத்து ஓடுது, நாமளும் எல்லாரையும் போல ஆத்தோட போனோம், ப்ளுவால இருந்து ஆஞ்ஜே வரைக்கும் மூஞ்சியிலயே அடிச்சுது. அவரு முன்னாடி போயி காத்த மறைச்சா நான் பின்னாடி ஒட்டிக்கிட்டு வரணும்னு ஏற்பாடு, ஆனா நான் ஒரு கொக்கு பாக்க நின்னா அவரு அரை கிலோமீட்டர் போயிருப்பாரு, அப்புறம் அந்த அரை கிலோமீட்டர் நான் தனியா காத்தோட மல்லுக்கட்டணும். ரெண்டாம் நாள் சாயங்காலம் நாங்க பேசிக்கல.

டான்யூப்லயும் பிரிஞ்சோம், அது வேற மாதிரி. அங்க பல இடத்துல ரெண்டு கரையிலயும் பாதை இருக்கு. மெல்க்ல அந்த மஞ்சள் கலர் மடாலத்த பாத்துட்டு கிளம்பும்போது நான் பாலம் ஏறி வடகரைக்குப் போயிட்டேன், அவரு தென்கரையிலயே போயிட்டாரு, அவரு முன்னாடி போயிட்டாருன்னு நானும் நான் முன்னாடி போயிட்டேன்னு அவரும் நெனச்சு வேகமா மிதிச்சிருக்கோம். போன் வந்துச்சு.

"எங்கம்மா இருக்க?"

"ஆத்தோரமாதாங்க போயிட்டிருக்கேன்."

"நானும் ஆத்தோரம்தான், ஆனா ஆளக் காணோமே?"

அங்க இருந்து கிரெம்ஸ் கிட்ட போற வரைக்கும் நடுவுல பாலமே கிடையாது, படகு மட்டும்தான். ஷ்பிட்ஸ்ல ஒரு படகு இருக்கு, இஞ்சின் இல்ல, கம்பியில மாட்டி விட்டு ஆத்தோட இழுப்புலயே அக்கரைக்குப் போகுது, அவரு அதுல ஏறி வந்தாரு. அதுக்குள்ள நான் வில்லென்டோர்ஃப் பாத்தாச்சு, 1908ல கற்காலத்து பொம்பள உருவமான அந்த 11 சென்டிமீட்டர் வீனஸ் சிலை மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச ஊரு (அசல் வியன்னா மியூசியத்துல). அவரு பாதாமி (ஆப்ரிகாட்) பழத் தோட்டமா பாத்துட்டு வந்தாரு, கார் தொல்லையும் அந்தப் பக்கம் கம்மியாம். சண்டை வரல. காத்து தள்ளுறப்ப யாருக்குங்க கோவம் வரும்?

ஆனா ஆத்த மட்டும் பாத்தா லுவார்தான் ஜெயிக்குது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. டான்யூப்ல ஆஸ்திரியா முழுக்க அடுத்தடுத்து நீர்மின் அணை, தண்ணி ஏரி ஏரியா தேங்கி நிக்குது, தடையில்லாம ஓடுறது மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவுல இருக்கற வாஹாவ் பள்ளத்தாக்குலயும் வியன்னாவுக்குக் கிழக்கயும்தான். மத்த இடத்துல கரை மேல நேரா தார் ரோடு, எதிர்ல மாடி மாடியா சொகுசுக் கப்பல். ஷ்லோகன் வளைவு விதிவிலக்கு, பாறைய சுத்திக்கிட்டு ஆறு வந்த திசைக்கே திரும்புது, வடகரையில பாதையே அறுந்துடும், அங்கயும் படகுதான். லுவார்ல பெரிய கப்பல் வராது, மணல் திட்டு மணல் திட்டா கிடக்கும், தண்ணி அதுக்குள்ள பிரிஞ்சு பிரிஞ்சு போகும், கோடையில நம்ம ஊரு ஆறு மாதிரி. ஆனா யுனெஸ்கோ வாஹாவுக்கும் லுவார் பள்ளத்தாக்குக்கும் உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இடம் கொடுத்தது ஒரே வருஷம், 2000.

நின்னு பாக்குற விஷயம் எடுத்தா லுவார்ல அரண்மனை ஜாஸ்தி, ஒரு கட்டத்துல திகட்டும். ஷாம்போர், ஷெனோன்ஸோ அரண்மனை ரெண்டும் லுவார் கரையிலயே இல்ல, பாதைய விட்டு விலகிப் போகணும், ரெண்டு பேருக்கும் டிக்கெட் சேத்தா பர்ஸ் இளைச்சிடும், ரெண்டு மூணோட நிறுத்திக்கோங்க. ஆம்புவாஸ் மட்டும் விடாதீங்க, லியனார்டோ டாவின்சி 1519ல செத்துப்போன ஊரு, கல்லறையும் அங்கதான். டான்யூப்ல கலவையா வரும். லின்ஸ் தாண்டி மவுத்ஹவுசன்ல நாஜி வதைமுகாம் மலை மேல இருக்கு, கல்குவாரியில 186 படி, கைதிங்க பாறாங்கல்ல தூக்கிட்டு ஏறுன படி. அத பாத்துட்டு எறங்குனப்புறம் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேருக்கும் பேச்சு வரல, லுவார்ல பேசாம இருந்தது இல்ல இது. வியன்னா வர்றதுக்கு முன்னாடி ஸ்வென்டென்டோர்ஃப்னு ஒரு அணுமின் நிலையம், முழுசா கட்டி முடிச்சு 1978ல மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க, மயிரிழையில வேணாம்னு ஆகி ஒரு நாள் கூட ஓடாம நிக்குது.

சாப்பாடு. நான் சைவம். ஆஸ்திரியால சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே (ஒரு மாதிரி குட்டி நூடுல்ஸ்), பாதாமி பழத்த உள்ள வச்ச கொழுக்கட்டை (ஆமா, கொழுக்கட்டையேதான், பேரு மரில்லன்க்னோடல்), அப்புறம் ராட்லர்னு எலுமிச்சை சோடா கலந்த பீர், அந்த வார்த்தைக்கே சைக்கிள்காரன்னுதான் அர்த்தம். பிரான்ஸ்ல ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் போதும்னா சொர்க்கம், ஆனா சின்ன ஊர்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அடுப்ப அணைச்சிடுறாங்க, எதிர்காத்துல லேட்டா வர்ற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பிஸ்கட்தான்.

அதனால முதல் தடவை போறீங்கன்னா டான்யூப், யோசிக்கவே வேணாம், ஜூலை நடுவுல போனா பழமும் கிடைக்கும், ரூம மட்டும் முன்னாடியே போட்டுடுங்க. லுவாருக்கு நாங்க திரும்பப் போறோம், செப்டம்பர்ல, ஆனா இந்த தடவை கடல் பக்கம் இருக்கற நான்ட் ஊர்ல இருந்து தலைகீழா. ஒர்லியானே கடல் மட்டத்துக்கு மேல சுமார் 100 மீட்டர்தான், அத்தனை நாள் மிதிச்சு ஏறுற ஏத்தம் மொத்தமா ஒரு சின்னக் குன்று அளவு, காத்து மட்டும் முழுசா நம்ம பக்கம். இத நான் மேப்ப வச்சு சொன்னப்ப வீட்டுக்காரரு ரொம்ப நேரம் பாத்துட்டு, "போன தடவையே சொல்லியிருக்கலாம்ல?"ன்னாரு.